யாக்கோப்பின் படலையில் செத்த மாடு

விடிந்ததும் எமிலி வீட்டு வாசல் படலையைத் தள்ளினாள். அது அசையவில்லை. தோளைக் கொடுத்து இன்னொரு முறை தள்ளினாள். வெளியே ஏதோ பாரமாகச் சாய்ந்து கிடந்தது. படலையில் கட்டிய தென்னோலைக் கிடுகின் இடுக்கால் எட்டிப் பார்த்தவள், புருஷனைக் கூப்பிட்ட குரல் நாலு வீட்டுக்குக் கேட்டது.

பரமலிங்கத்தாரின் சிவலைப் பசு. படலைக் கட்டையில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடியே உயிரை விட்டிருந்தது. இரண்டு கிழமைக்குள் அவர் பறிகொடுத்த ஐந்தாவது மாடு அது.

யாக்கோப்பு ஓடி வந்து பார்த்தார். பழி தன் தலையில்தான் விழும் என்று விளங்கிவிட்டது. ஏனென்றால் போன மாதம் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில், பத்துப் பேர் பார்த்திருக்க, அவர் ஒரு வார்த்தை விட்டிருந்தார். காயப்போட்டிருந்த அவருடைய மீன்வலையைப் பரமலிங்கத்தாரின் மாடுகள் உப்புக்காகச் சப்பிக் கிழித்துவிட்டன. அந்த ஆத்திரத்தில், “இனி உந்த மாடுகள் என்ர வளவுப் பக்கம் வந்தா நஞ்சு வைப்பன்” என்று கத்திவிட்டார். கோபத்தில் விட்ட வார்த்தை. ஆனால் ஊர் அதை மறக்கவில்லை.

2004ஆம் ஆண்டு, ஆடி மாதம். நெடுந்தீவில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

காலை ஒன்பதரை.

தீவுகளுக்கெல்லாம் சேர்த்து இருந்த ஒரேயொரு மிருக வைத்தியர் மேர்சி காலைப் படகில் வந்து இறங்கினாள். ஊர்காவற்றுறைக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. படகில் வந்தவர்களில் பாதிப்பேர் சத்தி எடுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் பணிஸ் தின்றுகொண்டு வந்தாள். நாற்பது வயது. பொய்யைக் கேட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற குணம். அந்தக் குணத்தால்தான் தன்னைத் தீவுக்குத் தூக்கிப் போட்டார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இறங்குதுறையில் பொலிஸ் சார்ஜன் விநாயகமூர்த்தி காத்து நின்றார். மட்டக்களப்புப் பக்கத்து மனிதர். ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

“டொக்டர், நிலைமை சரியில்ல. பரமலிங்கத்தார்ர ஆக்கள் யாக்கோப்புட வலையெல்லாத்தையும் கொளுத்திப்போட்டாங்க. ஆளையும் அடிக்கத் தொடங்கிட்டாங்க. நான்தான் இழுத்துக்கொண்டு வந்து அடைச்சு வைச்சிருக்கன்.”

“குற்றவாளியா, பாதுகாப்புக்கா?”

“ரெண்டுக்கும்தான். ரெண்டரைப் படகில அவரை ஊர்காவற்றுறை நீதவான் கோட்டுக்குக் கொண்டுபோகணும். நீங்க நஞ்சு எண்டு எழுதித் தந்தா ரிமாண்ட். அதுக்குப் பிறகு எப்ப வெளியில வருவாரெண்டு எனக்குத் தெரியா.”

“அவர் வைக்கேல்லை எண்டால்?”

“வைச்சது ஆரெண்டு சொல்லுங்க. இல்லாட்டி ஊர் இவரைத்தான் சொல்லும்.”

படலையடியில் ஊரே கூடி நின்றது. பரமலிங்கத்தார் செத்த மாட்டின் பக்கத்தில் குந்தியிருந்தார். காணியும் மாடுமாகப் பரம்பரையாக வாழ்ந்த மனிதர். சிவலையின் காதைத் தடவிக்கொண்டே, அழுத கண்ணைத் துடைக்காமல் மேர்சியைப் பார்த்தார்.

“டொக்டர் பிள்ளை, நீங்களும் கடற்கரை ஆக்கள். ஒரு பக்கம் சாயாமல் பாருங்கோ.”

மேர்சிக்குச் சுள்ளென்று ஏறியது. அடக்கிக்கொண்டாள்.

“நான் மாட்டுப் பக்கம், ஐயா. சாக முந்தி எப்பிடி நிண்டது?”

“கண் தெரியேல்லை. சுத்திச் சுத்தி நடந்தது. பல்லை நறநறவெண்டு கடிச்சுது. கண்ட கண்ட இடத்தில தலையை முட்டிக்கொண்டு நிண்டது. மற்ற நாலும் அப்பிடித்தான்.”

“இராத்திரி மாடுகள் எங்க படுக்கிறது?”

“என்ர காணிக்குள்ளதான். கொம்பியூட்டர் நிலையத்துக்குப் பின்னால, மதிலோட ஒரு மூலை கிடக்கு. இந்தச் சோளகத்துக்கு அதுகள் வேற எங்கயும் படுக்காது.”

மேர்சி குனிந்து பசுவின் மூஞ்சியைப் பார்த்தாள். மூக்கைச் சுற்றி வெள்ளையும் சாம்பலும் கலந்த ஒரு பசை காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்தாள். சுண்ணாம்பு போல இருந்தது. பிறகு கத்தியை எடுத்தாள்.

வயிற்றைப் பிளந்தபோது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பச்சை ரீசேட் போட்ட ஒரு இளைஞன் மட்டும் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் வந்து நின்றான். ரீசேட்டில் இலைப் படம் ஒன்றும், “வெண்சுடர் டெக்னோலொஜீஸ்” என்ற எழுத்தும்.

“நான் சுதன், டொக்டர். நிலையத்துக்குப் பொறுப்பா இருக்கிறன். யாழ்ப்பாணம் டவுண்.” குரலைத் தாழ்த்தினான். “யாக்கோப்பு அண்ணை உப்பிடிச் செய்யமாட்டார். நான் அவை வீட்டிலதான் மூண்டு நேரமும் சாப்பிடுறனான். வாய்தான் பெரிசு, மனம் நல்லது.”

அந்தக் கூட்டத்தில் யாக்கோப்புக்காக வாய் திறந்தவன் அவன் ஒருவன்தான். மேர்சிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

இரைப்பையின் மடிப்புக்குள் அவள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துக் கழுவினாள். சிறு சிறு சாம்பல் நிறத் துண்டுகள். கத்தி முனையால் கீறினாள். கீறல் வெள்ளி போல மினுங்கியது.

“ஈயம்” என்றாள் மேர்சி.

சொல்லி முடிக்கவில்லை, கூட்டம் கொந்தளித்தது. தீவில் ஈயம் உருக்குகிறவர் யார்? யாக்கோப்புத்தான். சட்டியில் ஈயத்தை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, வலைக்குக் குண்டு வார்ப்பவர் அவர். எரிந்த வலையின் சாம்பலுக்குள் அந்தக் குண்டுகள் இன்னும் கிடந்தன. ஒருவன் ஓடிப்போய் ஒன்றை எடுத்துவந்து தூக்கிக் காட்டினான்.

பரமலிங்கத்தார் எழுந்தார். “இனி என்ன கேட்கக் கிடக்கு, சார்ஜன்?”

எமிலி மேர்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தங்கச்சி, ஏன் அதைச் சொன்னனீங்கள்?”

மேர்சி என்ன செய்வாள்? உள்ளதைச் சொன்னாள். அது அப்பாவி ஒருவரின் கழுத்தில் கயிறாகப் போய் விழுந்திருந்தது. அப்பாவிதான் என்று அவளுக்கும் இன்னும் நிச்சயமில்லை.

கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தட்டையாக, தகடு போல இருந்தது. ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. வலைக்குண்டையும் வாங்கிப் பார்த்தாள். உருண்டு திரண்ட கட்டி. இரண்டையும் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சுதனும் வாளியோடு நின்றவன் நின்றபடிதான். அதன்பிறகு யாக்கோப்புக்காக அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“மிச்ச மாடுகளின்ர பாலை ஒருத்தரும் குடியாதேங்கோ” என்றாள் மேர்சி. “சார்ஜன், நான் யாக்கோப்போட கதைக்கவேணும்.”

காலை பதினொன்றரை.

பொலிஸ் நிலையத்து மர வாங்கில் யாக்கோப்பு இருந்தார். உதடு வெடித்திருந்தது.

“அண்ணை, ஈயம் எங்க வாங்கிறனீங்கள்?”

“குறிகட்டுவான் பக்கத்தில ஒருத்தன் தாறவன். துண்டு துண்டாத்தான் கிடைக்கும், தங்கச்சி. போதாது. பழைய குண்டையும் உருக்கித்தான் சமாளிக்கிறனான்.”

“மாட்டுக்குக் குடுத்தனீங்களோ?”

யாக்கோப்பு சிரிக்கப் பார்த்தார். வெடித்த உதடு விடவில்லை. “வலைக்கே காணாமல் இருக்கிற சாமானை மாட்டுக்குத் தீத்துவனோ?”

“ஆரிலயும் சந்தேகமோ?”

“இல்லை. அந்தப் பிள்ளை சுதனைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. அவன் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. என்னைப்பற்றி அவன் சொல்லுவான்.”

மத்தியானம் பன்னிரண்டரை.

வெண்சுடர் நிலையம் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம். கூரையில் சூரிய மின்தகடுகள், உள்ளே அந்த மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றறிகள், நாலு கணினி, கொழும்பு வரை பேச ஒரு தொலைபேசி. வாசலில் பெரிய பலகை. “சூழலைக் காப்போம், சமூகத்தோடு நிற்போம். இத்தீவில் நாங்கள் பாவித்த பழைய பற்றறிகளில் ஒன்றுகூட எஞ்சவில்லை. நூற்றுக்கு நூறு மீளெடுப்பு.” அதற்குக் கீழே இன்னொரு சிறு பலகை. “பாரம்பரிய மதில் மீளமைப்புத் திட்டம்.”

சுதன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தான். கூட்டிய குப்பையைக் காற்று திருப்பிக் கொண்டுவந்து கொட்டியது. அவன் மறுபடியும் கூட்டினான்.

“ஆரும் வருகினமோ?”

“நாளைக்குக் கொழும்பிலயிருந்து பெரிய ஆக்கள், டொக்டர். வெளிநாட்டுக்காரரும் வருகினம். எங்கட கொம்பனிக்கு இந்த வருசம் விருது கிடைக்கும்போல.”

“நல்லது. பழைய பற்றறியெல்லாம் எங்க?”

“வைகாசியில கொழும்புக்கு ஏத்தி அனுப்பியாச்சு.”

“எதில?”

“படகிலதான்.”

“ஈயம் உள்ள சாமான். கவனமா அனுப்பினீரோ?”

“ஓம், ஓம்.” கூட்டுமாற்றின் பிடியை அவன் இறுக்கிப் பிடித்திருந்தான்.

மேர்சி கட்டடத்துக்குப் பின்னால் போனாள். நெடுந்தீவின் மதில்களைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சீமெந்தும் இல்லை, களிமண்ணும் இல்லை. கடற்பாறைக் கற்களைக் கல்மேல் கல்லாக இடைவெளி விட்டு அடுக்குவதுதான் அங்கே மதில். நெஞ்சளவு உயரம். தீவு முழுக்க அதுதான் வேலி. பரமலிங்கத்தாரின் காணிக்கும் நிலையத்துக்கும் நடுவேயும் அப்படியொரு மதில் நீளமாகப் போயிற்று.

மதிலின் மூலையில் ஆறாவது மாடு ஒன்று படுத்திருந்தது. இன்னும் உயிர் இருந்தது. மேர்சி பக்கத்தில் குந்தி, பையைத் திறந்து ஊசி மருந்தை எடுத்தாள். பஞ்சு உருண்டை ஒன்றைக் கிழித்து மண்ணில் வைத்தாள். வைத்த பிறகுதான் ‘அடடா, பறக்கப் போகுதே’ என்று நினைத்தாள்.

பஞ்சு பறக்கவில்லை.

காலையிலிருந்து அவள் வைத்த எதுவும் வைத்த இடத்தில் நின்றதில்லை. சார்ஜனின் தொப்பி நின்றதில்லை. சேலைத் தலைப்பு நின்றதில்லை. மேர்சி பஞ்சை எடுத்துக்கொண்டு மதிலோடு ஒட்டியபடியே கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி வைத்தாள். கல்லிடுக்கால் வந்த காற்று அதை அள்ளிக்கொண்டு போயிற்று.

திரும்பி வந்து மூலையைப் பார்த்தாள். அடிக்கல்லில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு பூச்சு படிந்திருந்தது. கற்கள் அங்கங்கே கரையான் அரித்ததுபோலப் பள்ளம் விழுந்து கிடந்தன. படுத்திருந்த மாடு தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி, அந்தப் பூச்சை நக்கியது.

மேர்சி மாட்டின் தலையைப் பிடித்து இழுத்து, மற்றப் பக்கம் திருப்பிக் கட்டினாள். பிறகு பொலிஸ் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

“சார்ஜன், ஒரே ஒரு கேள்வி. வைகாசியில இறங்குதுறையால பழைய பற்றறி ஏதும் ஏறினதோ?”

“பற்றறியா? நேவியும் நாங்களும் பார்க்காம ஒரு தேங்காய்கூட ஏறாது, டொக்டர். வைகாசி முழுக்க நான்தான் துறையில நிண்டன். ஒண்டும் ஏறல்ல.”

“அப்ப யாக்கோப்பைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பரமலிங்கத்தாரையும் கூப்பிடுங்கோ. எல்லாரும் நிலையத்துப் பின் மதிலடிக்கு வரவேணும்.”

“படகுக்கு நேரமாகுது.”

“அதுக்குத்தான் சொல்லுறன்.”

பிற்பகல் ஒன்றே முக்கால்.

ஊர் மறுபடியும் கூடியது. யாக்கோப்பு விலங்கோடு நின்றார். பக்கத்தில் எமிலி. சுதன் நிலையத்துப் பின்கதவைப் பிடித்தபடி நின்றான். காற்றில் ஆளுக்காள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“பரமலிங்கம் ஐயா, நீங்கள் மதில் கட்டினால் கல்லுக்கு நடுவில இருக்கிற இடைவெளியை அடைப்பியளோ?”

கிழவர் எரிச்சலோடு பார்த்தார். “உதென்ன கேள்வி? ஆரும் அடைப்பானோ? காத்துப் போக வழி விடாட்டில் முதல் சோளகத்தில மதில் படுத்திடும். சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.”

“யாக்கோப்பு அண்ணை, நீங்கள்?”

“அடைக்கமாட்டன். விழுந்திடுமே.”

“இந்த மூலைக்கு வாங்கோ, ஐயா. கையை வைச்சுப் பாருங்கோ.”

பரமலிங்கத்தார் கையை வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். திரும்ப மூலையில் வைத்தார். அவர் முகம் மாறியது.

“இதில காத்து வரேல்லை. உள்ளுக்குச் சல்லியும் மண்ணும் போட்டு இறுக்கிக் கிடக்கு.”

“அதாலதான் உங்கட மாடுகள் இந்த இடத்தைத் தேடி வந்து படுத்ததுகள். காத்துப் படாத ஒரே மூலை. அடைச்ச மதில் சோளகத்துக்கு விழவேணும் எண்டு நீங்கள் சொன்னியள். ஆடி மாதமும் வந்திட்டுது. இது ஏன் விழேல்லை?”

மேர்சி மூலைக் கல்லைக் கையால் தட்டினாள்.

“உள்ளுக்குப் பாரமா ஏதோ கிடக்கு. பிரியுங்கோ, ஐயா.”

பரமலிங்கத்தார் ஒரு கல்லை இழுத்தார். இன்னொன்றை இழுத்தார். சல்லி சரிந்து கொட்டியது. மூன்றாவது கல்லோடு ஒரு கறுப்பு மூலை தெரிந்தது. பிறகு முழுப் பெட்டி. வெடித்த பெட்டி. உள்ளிருந்த தகடுகள் நொறுங்கி, அதிலிருந்து கசிந்த அசிட் சுண்ணாம்புக் கல்லை அரித்து, அந்த வெள்ளைப் பசையாக அடிக்கு இறங்கியிருந்தது. அதன் பின்னால் இன்னொரு பற்றறி, அதன் பின்னால் இன்னொன்று. வரிசையாக மதிலுக்குள் கிடந்தன.

மேர்சி பொக்கற்றிலிருந்து தகட்டுத் துண்டை எடுத்து வெடித்த பெட்டிக்குள் கிடந்த தகட்டோடு வைத்துக் காட்டினாள். கட்டத்துக்குக் கட்டம் ஒத்தது.

“யாக்கோப்பு வார்க்கிற ஈயம் குண்டு. மாட்டின்ர வயித்துக்குள்ள இருந்தது தகடு. காலமையே வித்தியாசம் கண்டனான். ஆனா தகடு எங்க இருந்து வந்ததெண்டு தெரியேல்லை. இந்த வறட்சிக்குப் புல்லில்லை. மாடுகள் உப்புக்கு அலையுதுகள். வலையைச் சப்பினதும் அதுக்குத்தான், இந்தக் கல்லை நக்கினதும் அதுக்குத்தான். நக்க நக்கப் பசையோட தகட்டுத் துண்டும் உள்ள போயிருக்கு.”

“அப்ப உதை ஆர் உள்ள வைச்சது?” சார்ஜன் கேட்டார்.

“இவ்வளவு ஈயம் கையில கிடைச்சிருந்தால் யாக்கோப்பு மதிலுக்குள்ள புதைச்சிருப்பாரோ? மூண்டு வருசத்துக்கு வலைக்குண்டு வார்த்திருப்பார். இந்த ஊரில பிறந்த ஒருத்தரும் கல்லிடுக்கை அடைக்கமாட்டினம். அடைச்சது மதிலெண்டால் ஓட்டை இருக்கக்கூடாதெண்டு நினைக்கிற ஒரு ஆள். டவுணில சீமெந்து மதிலுக்குள்ள வளர்ந்த ஆள்.” மேர்சி திரும்பினாள். “இந்த மூலையைத் திருத்திக் கட்டினது ஆரெண்டு முன்னுக்குப் பலகை கிடக்கு. சுதன், நீர்தானே கட்டினீர்?”

சுதன் கதவை விட்டான். அப்படியே படியில் குந்திவிட்டான்.

“மூண்டு தரம் கொழும்புக்குச் சொன்னனான், டொக்டர். பற்றறி ஏத்த நேவியிட்ட அனுமதி எடுக்கவேணும், தனிப் படகு பிடிக்கவேணும் எண்டு கெஞ்சினனான். ‘வைகாசிக்குப் பிறகு தீவில ஒண்டும் இல்லையெண்டு ஏற்கெனவே அறிவிச்சாச்சு, நீர் அங்க பார்த்துச் செய்யும்’ எண்டு சொல்லிப்போட்டினம். நிலத்தைத் தோண்டிப் பார்த்தன். ஒரு முழத்துக்குள்ள பாறை. மதில் திட்டம் வந்துது. அதுக்குள்ள வைச்சிட்டு விருதெல்லாம் முடிய எடுப்பமெண்டு நினைச்சன். மாடு சாகுமெண்டு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“ஓம். அதை நான் நம்புறன்” என்றாள் மேர்சி. அவள் குரல் உயர்ந்தது. கோபத்தில்தான். “மாடு சாகுமெண்டு உமக்குத் தெரியாது. ஆனா காலமை நான் ஈயமெண்டு சொன்ன உடன உமக்கு விளங்கினது. அதுவரைக்கும் அவருக்காகக் கதைச்சுக்கொண்டு நிண்டனீர். பிறகு வாளியைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் நிண்டீர். அந்த மனுசன் உதடு வெடிச்சுப் பொலிஸ் வாங்கில இருக்கேக்கயும், ‘சுதனைக் கேளுங்கோ, அவன் சொல்லுவான்’ எண்டு அவர் என்னட்டச் சொன்னவர், ஐசே.”

சுதன் யாக்கோப்பைப் பார்க்கவில்லை. யாக்கோப்பு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்ஜன் யாக்கோப்பின் விலங்கைக் கழற்றினார். பரமலிங்கத்தார் யாக்கோப்புக்கு முன்னால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் கோயில் வாசல் தவிர வேறெங்கும் அதை அவிழ்த்து ஊரார் கண்டதில்லை. யாக்கோப்பு அவரைக் கடந்து போய் மதில் இடிபாட்டில் குனிந்து, நக்க வந்த கன்றுக்குட்டியொன்றை விரட்டினார்.

நிலையத்துக்குள்ளே தொலைபேசி அடித்தது. நாளைய வருகையைப்பற்றிக் கொழும்பிலிருந்து கேட்கிறார்களாக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

இரண்டரைப் படகு அன்று கொஞ்சம் பிந்தித்தான் புறப்பட்டது. சார்ஜனுக்குப் பக்கத்தில் சுதன் இருந்தான், இலைப் படம் போட்ட அதே ரீசேட்டோடு. மேர்சி முன்னால் ஏறி இருந்தாள்.

கயிறு அவிழ்க்கிற நேரம் எமிலி இறங்குதுறையால் ஓடி வந்தாள். கையில் வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல். புருஷனைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று காலையில் கட்டி வைத்தது.

சுதனின் மடியில் அதைத் தொப்பென்று போட்டாள்.

“பிடி. காலமை தொடங்கி நீயும் ஒண்டும் தின்னேல்லை. உன்ர முகத்தில முழிக்கவே எனக்கு விருப்பமில்லை. ஆனா வெறுவயித்தோட போய் நிண்டால் பயத்தில திரும்பவும் பொய்தான் வரும். திண்டிட்டுப் போய், ஆர் உன்னை மூடச் சொன்னவையெண்டு கோட்டில ஒண்டும் விடாமல் சொல்லு.”

படகு நகர்ந்தது. சுதன் பார்சலைப் பிரிக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கரை மறையும்வரை வாய்விட்டு அழுதுகொண்டே போனான்.